ஒட்டுமுன் சுவர் உலரட்டும்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் வெள்ளம் புகுந்த இல்லங்களின் சுவர்கள் நீரைக் குடித்தன. அத்தகைய சுவரில் வினைல் ஒட்டுப்படம் ஒட்டுவது வீண்செலவு என்பதே எம் கருத்து. வினைல் ஈரத்தை வெளிவிடாது. உள்ளே தங்கும் ஈரம் வண்ணப்பூச்சையும் உரித்துவிடும். சுண்ணாம்படித்த சுவராயின் தொல்லை மிகுதி. பசை சுவரைப் பற்றாது, தூளையே பற்றும். ஆதலின் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் பூசுதல் வேண்டும். புதுப் பெயிண்டாயின் நான்கு வாரம் பொறுத்தல் நலம். பழையதாயின் சோப்பு நீரால் துடைத்து, பின் நல்ல நீரால் துடைத்து உலரவிடுக. ஐயமிருப்பின் பாலிதீன் தாளொன்றை நாற்புறமும் நாடாவால் சுவரில் ஒட்டி ஒருநாள் விடுவோம். உட்புறம் நீர் அரும்பினால் மாசி வெயில்வரை காத்திருக்கலாம். சுவர் எங்கும் ஓடிவிடாது.