எல்லை தாண்டிய இழிவும் எல்லை தாண்டாத உரிமையும்

தமிழன்பர்கள் நால்வர் கூடினால் இந்நாளில் இடஒதுக்கீட்டைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. “என்றோ எவரோ எவருக்கோ இழைத்த கொடுமைக்காக இன்றைய பிள்ளைகள் ஏன் தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்?” என்று ஒரு சாரார் கேட்கின்றனர். “அக்கொடுமை ஒழிந்துவிட்டதென்று உமக்கு யார் கூறினார்?” என்று மறு சாரார் வினவுகின்றனர். மகாராஷ்டிரத்தில் மராத்தா வகுப்பினருக்கென இயற்றப்பட்ட ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2021இல் செல்லாதென்றதும், 2024இல் 10 விழுக்காட்டுக்குப் புதிய சட்டம் பிறந்ததும் இவ்வாதத்திற்கு மேலும் சூடேற்றிவிட்டன.

சீத்தா கேம்ப்பில் வாழும் நம்மவர் பலருக்கோ இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. பழைய தீங்குக்குப் பரிகாரம் வேண்டுமென நாடே ஒப்புக்கொண்டுவிட்டது. அங்ஙனமாயின், ஊர்விட்டு ஊர் வந்த ஒரே காரணத்தால் அப்பரிகாரம் நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்படுவது ஏன்? இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

வந்த வழி

நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோர் பம்பாய்க்கு வந்தது உல்லாசப் பயணமாக அன்று. தாராவியின் தோல் பதனிடும் கூடங்களிலும், துறைமுகத்திலும், நகரசுத்திப் பணியிலும் உழைப்பதற்கே வந்தனர். மழை பொய்த்தமையால் வந்தவர் பலர். சொந்த நிலம் இல்லாமையால் வந்தவர் பலர். சேரிக்கென்று ஒரு கிணறும் ஊருக்கென்று ஒரு கிணறும் இருந்த வாழ்வைச் சகியாமல் வந்தவரும் பலர். நகரத்தில் எவரும் குலம் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையே அவர்கள் கொணர்ந்த பெருஞ்செல்வம்.

இங்கும் அவர்களை நிலையாக இருக்க விட்டார்கள் இல்லை. மான்கூர்த்தை அடுத்த ஜனதா காலனியில் வேரூன்றியிருந்த பல்லாயிரம் மக்கள், பாபா அணு ஆராய்ச்சி மையத்திற்கு நிலம் வேண்டுமென்று 1976ஆம் ஆண்டு மே மாதத்தில் பெயர்க்கப்பட்டு, டிராம்பேயின் சதுப்பு நிலத்தருகே குடியேற்றப்பட்டனர். அதுவே இன்றைய சீத்தா கேம்ப். ஊரில் ஒருமுறை, நகரில் ஒருமுறை என இருமுறை வேரறுந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று பள்ளியிறுதி தேறிக் கல்லூரி வாயிலில் நிற்கின்றனர்.

இரு மாகாணங்கள், ஒரே கொடுமை

சென்னை மாகாணத்தில் பொதுத்தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் அனைவர்க்கும் உரிமை வேண்டுமென்று 1924இல் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்து போராடவேண்டியிருந்தது. அதற்காக வாதாடியவர் இரட்டைமலை சீனிவாசன். பம்பாய் மாகாணத்திலும் இதே நிலைதான். பொதுக்குளங்களை அனைவர்க்கும் திறந்துவிட வேண்டுமென 1923இல் எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியும், மகாட் நகரின் சவ்தார் குளத்து நீரை அள்ளிப் பருகுவதற்கு 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் பெருங்கூட்டத்தோடு நடந்து செல்ல வேண்டியிருந்தது.

பரிகாரம் தேடுவதிலும் இரு மாகாணங்களும் முன்பின்னாக உடன் நடந்தன. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா 1902இல் தம் சமஸ்தானத்து உத்தியோகங்களில் 50 விழுக்காட்டைப் பின்தங்கிய வகுப்பார்க்கு ஒதுக்கினார். சென்னையில் நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்தது. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோர் சார்பில் ஒருங்கே அமர்ந்தனர். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் எரவாடாவில் உருவான புனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரின் கையெழுத்தோடு எம். சி. ராஜா, சீனிவாசன் ஆகிய தமிழர்களின் கையெழுத்தும் உள்ளது. தலைவர்கள் ஒரே தாளில் ஒப்பமிட்டார்கள். வழித்தோன்றல்களுக்கோ பட்டியல்கள் வெவ்வேறாயின.

மூன்று சொற்களின் விளைவு

அரசியலமைப்பின் 341ஆம் பிரிவு, எந்தெந்தச் சாதியார் பட்டியலினத்தவர் என்பதைக் குடியரசுத் தலைவர் மாநிலந்தோறும் அறிவிப்பார் என்கிறது. அவ்வறிவிப்பு ‘அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை’ மட்டுமே செல்லும். முதற்பட்டியல் 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியாயிற்று. தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள ஆதிதிராவிடர், பறையர், பள்ளர் ஆகிய பெயர்கள் மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை. ஆகவே திருநெல்வேலியில் பட்டியலினத்தவராக ரயிலேறும் ஒருவர், தாதரில் இறங்கும்போது மாநில அரசின் கணக்கில் பொதுவகுப்பினராகிவிடுகிறார். வறுமை இறங்கவில்லை, எழுத்தறியாப் பெற்றோரின் இயலாமை இறங்கவில்லை, உரிமை மட்டும் வழியில் இறங்கிக்கொண்டது.

இது நீதிமன்றம் ஏறிய விதமும் நம் அண்டைப்புறத்தோடு தொடர்புடையது. ஆந்திரத்துத் தெனாலியில் பிறந்த ஒரு மாணவர். அவர் வகுப்பு அங்கே பழங்குடிப் பட்டியலில் இருந்தது. அவர் தந்தையாருக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் உர நிறுவனத்தில் பழங்குடி ஒதுக்கீட்டிலேயே வேலை கிடைத்தது. ஒன்பது வயதில் பம்பாய் வந்து இங்கேயே படித்த அம்மாணவர், பரேலில் உள்ள சேட் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டபோது, ‘நீர் மகாராஷ்டிரப் பழங்குடி அல்லர்’ என்று ஒதுக்கீடு மறுக்கப்பட்டது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் 1990இல் மறுப்பையே உறுதி செய்தது. மகாராஷ்டிரத்தில் குடியேறியோர் சார்பில் தொடரப்பட்ட வழக்கிலும் 1994இல் அதே முடிவு வந்தது. 2018இல் டில்லி குடிநீர் வாரிய வழக்கிலும் அக்கொள்கை நிலைநாட்டப்பட்டது. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உண்டு என்றும் வலியுறுத்தப்பட்டது.

இத்தீர்ப்புகளில் நியாயமே இல்லையென்று கூறுவது நேர்மையாகாது. ஒரே பெயருடைய வகுப்பு ஒரு மாநிலத்தில் ஒடுக்கப்பட்டும் மற்றொரு மாநிலத்தில் நன்னிலையிலும் இருத்தல் கூடும். இம்மண்ணிலேயே தலைமுறைகளாக அவமதிக்கப்பட்ட மகர், மாங்கு முதலிய சகோதரர்களின் சிறு பங்கில் வெளியார் கைவைப்பரோ என்ற அச்சமும் பொய்யன்று. அவர்கள் நமக்குப் பகைவர் அல்லர். நம்மைப் போன்றே நீருக்கு நடந்தவர்கள். ஆயினும், உள்நாட்டார்க்கு உள்ளதைக் குறைக்காமல் இரண்டு மூன்று தலைமுறை இங்கே உழைத்தவர்க்குத் தனி வழி வகுத்தல் ஆகாத காரியமா? பட்டியலினத்துக்குள்ளேயே உட்பிரிவு செய்யலாம் என்று 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஒரே பட்டியலுக்குள் உள்ள வேற்றுமையைச் சட்டம் காண முடியுமானால், எல்லை கடந்த பின்னும் மாறாத ஒற்றுமையையும் அது காணலாம் அன்றோ?

அமெரிக்கா கற்பிக்கும் பாடம்

கறுப்பின மக்களை அடிமை கொண்டிருந்த அமெரிக்கா 1865இல் அடிமை முறையை ஒழித்தது. ஆயினும் பள்ளிகளில் இனப்பிரிவினை தவறென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூற 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் வேலையிலும் கல்வியிலும் அவர்களுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடுகள் பிறந்தன. ஆனால் 1978இல் பாக்கி வழக்கில் அந்நீதிமன்றம் எண்ணிக்கை ஒதுக்கீட்டை மறுத்தது. பலவகை மாணவர் கூடிப் பயில்வதால் கல்லூரிக்கு நன்மை விளையும் என்ற காரணமே அதன்பின் அவ்வேற்பாட்டுக்கு முதன்மையான ஆதாரமாயிற்று. சமுதாயம் இழைத்த பழைய தீங்குக்கு ஈடு என்ற காரணம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. வேரை இழந்த மரம் எத்தனை நாள் நிற்கும்? 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகம் பற்றிய வழக்கில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறையே வீழ்ந்தது.

அங்கே தீங்கின் வரலாறு காலத்தால் மறக்கடிக்கப்பட்டது. இங்கே நம் திறத்தில் அது தூரத்தால் மறக்கடிக்கப்படுகிறது. ‘பழங்கதை’ என்று அதைத் தள்ளுவோர்க்கு நாம் சொல்ல வேண்டியது இதுவே: பாட்டனுக்குப் பள்ளி மறுக்கப்பட்டதால் தந்தை கூலியானார், தந்தை கூலியானதால் மகன் பத்தடி அறையில் ஐவரோடு அமர்ந்து படிக்கிறான். இது முடிந்த கதையன்று, நடந்துகொண்டிருக்கும் கணக்கு.

நாம் செய்யத்தக்கன

இருப்புப்பாதை அலுவலகத்தில் விண்ணப்பத் தாள்களோடு பழகிய நமக்குத் தெரிந்த சிலவற்றை இங்கே கூறுதல் கடமை. மாநில அரசின் கதவு அடைபட்டிருப்பினும் மத்திய அரசின் கதவு அடைபடவில்லை. ரயில்வே, தபால், அரசுடைமை வங்கிகள், மத்தியக் கல்வி நிலையங்கள் ஆகியவற்றில் பூர்விக மாநிலத்துச் சான்று செல்லும். அனைத்திந்தியத் தேர்வுகளில் பட்டியலினத்தார்க்கு 15 விழுக்காடும், பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும், பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. மருத்துவக் கல்விக்கான அனைத்திந்தியப் பங்கிலும் ஒதுக்கீடு உண்டு.

தந்தையார் பெயரில் பூர்விக மாநிலத்து அதிகாரி வழங்கிய மெய்யான சாதிச் சான்றைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்று வழங்கலாம் என்பது 1982 முதல் மத்திய அரசின் அறிவுரை. ஆகவே ஊருக்குப் போகும்போது கோயில் கொடையோடு தாசில்தார் அலுவலகத்தையும் நினைவிற்கொள்க. தந்தையின் சான்று, பாட்டனின் நிலப்பத்திரம், பள்ளிப் பதிவு ஆகியவற்றைப் பெட்டியடியில் கறையான் தின்ன விடாதீர். பெயரின் எழுத்து எல்லாத் தாள்களிலும் ஒன்றாயிருக்கப் பார்த்துக்கொள்க. ஓரெழுத்து மாறியதால் ஓராண்டு போன பிள்ளைகள் உண்டு. மகனுக்குப் போலவே மகளுக்கும் இதைச் செய்க.

இது வீட்டளவில் செய்வது. சங்கத்தளவில் செய்ய வேண்டியது, ஞாயிறுதோறும் சான்றுக்கு வழிகாட்டும் மேசை ஒன்றை அமைப்பதாகும். நாட்டளவில் செய்ய வேண்டியது, கட்சி வேறுபாடின்றி மும்பையிலும் தமிழ்நாட்டிலும் உள்ள பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இக்கோரிக்கையை வைப்பதாகும். சட்டம் இயற்றவல்ல மன்றம் அது ஒன்றே என நீதிமன்றமே கூறிவிட்டபின் வேறு வாயிலைத் தட்டுவதில் பயனில்லை. தெலுங்கரும் கன்னடரும் இதே இடரில் உள்ளனர். அவர்களையும் உடன் அழைத்துச் செல்வோம்.

சலுகை வேண்டி நாம் நிற்கவில்லை. இந்நகரின் குப்பையை அள்ளி, தோலைப் பதனிட்டு, சுமையைத் தூக்கிய கைகளுக்கு நாடு ஒப்புக்கொண்ட கடன் ஒன்று உண்டு. கடன் பட்டவன் ஊர் மாறினால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. கொடுத்தவன் ஊர் மாறினாலும் அது தீர்ந்துவிடாது.