உப்புத் தெருவில் சைக்கிள்

குளிர்நாட்டில் ஆண்டு முழுவதும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரைப் பார்த்து மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் குளிர்ல எப்படிங்க?" என்பதுதான். அப்படி ஓட்டுகிற இருவர் சந்தித்துக்கொண்டாலோ குளிரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. "செயினுக்கு என்ன எண்ணெய் விடுறீங்க?", "ஆணி டயர் மாத்தியாச்சா?", "விரல் மரத்துப்போகாம இருக்க என்ன போடுறீங்க?" என்றுதான் பேச்சு போகும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களைக் கனடாவின் டொரொன்டோ நகரத்தை வைத்து விளக்குகிறேன். அந்த நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வீடாக்கிக்கொண்ட தமிழர்கள் ஏராளம். படிக்க வந்த பிள்ளைகளும், வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களும் பஸ் காசை மிச்சப்படுத்தச் சைக்கிள் வாங்குகிறார்கள். டிசம்பர் வந்ததும் பலர் அதை ஒரு மூலையில் சாத்திவிடுகிறார்கள். சாத்தவேண்டிய அவசியமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். எதற்குப் பயப்படவேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்தால் போதும்.

பயப்படவேண்டியது ஈரத்துக்கு. சைக்கிளைக் கெடுப்பது உப்பு கலந்த ஈரம். ஓட்டுகிறவரைக் கெடுப்பது சட்டைக்குள் ஊறும் வியர்வை. வெறும் குளிர் இரண்டையும் அவ்வளவாகச் சீண்டுவதில்லை.

இதற்கு நல்ல சாட்சி பின்லாந்தின் ஓலு நகரம். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 170 கி.மீ. தெற்கே இருக்கிற ஊர். ஜனவரியில் சராசரி வெப்பநிலையே மைனஸ் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே பிள்ளைகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான உலக மாநாடு முதன்முதலில் 2013-இல் கூடியதும் அங்கேதான். அந்தக் குளிரில் சைக்கிள் பாதையின் பனி பெரும்பாலும் உருகுவதில்லை. இயந்திரத்தால் அழுத்திச் சீவி, மேலே பொடிக்கல் தூவிவிடுகிறார்கள். பாதை வெள்ளையாக, கெட்டியாக, உலர்ந்து கிடக்கும். டயர் அதில் நன்றாகவே பிடிக்கும்.

டொரொன்டோவின் நிலைமை வேறு. ஜனவரியில் இரவு மைனஸ் 7 அளவுக்கு இறங்கும். பகலில் பூஜ்ஜியத்தைத் தொட்டுப் பார்க்கும். விழுந்த பனி பகலில் சேறாகி, இரவில் கண்ணாடியாக உறைகிறது. மாநகராட்சி உப்பை அள்ளிக் கொட்டுகிறது. டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலேயே, ஹியூரன் ஏரிக்கு அடியில் அரை கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், கோடரிச் என்ற ஊரில் உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்புக்குப் பஞ்சமில்லை. ஆக, ஓலுவின் மைனஸ் 15 டிகிரியைவிட டொரொன்டோவின் பூஜ்ஜிய டிகிரி சைக்கிளுக்குக் கொடுமையானது.

உப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரும்பு துருப்பிடிப்பது மின்வேதி வினை. வெறும் தண்ணீரிலும் அது நடக்கும். உப்பு கரைந்த நீரில் அயனிகள் சுலபமாக நகர்வதால் பல மடங்கு வேகமாக நடக்கும். அலுமினியத்தையும் துருப்பிடிக்காத எஃகையும் காப்பாற்றுவது அவற்றின்மேல் இயல்பாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையும் ஆங்காங்கே துளைத்துவிடும். இன்னொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சாலையில் சில சமயம் சேர்க்கும் கால்சியம் குளோரைடு அதைவிட வறண்ட காற்றிலும் இழுக்கும். அதனால் தெரு காய்ந்த பிறகும் சைக்கிள் காய்வதில்லை. செயினின் இணைப்புகளுக்குள் புகுந்த உப்பு, ஓட்டாத நாளிலும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

பலரும் ஒரு நல்லெண்ணத் தவறு செய்கிறார்கள். பாவம் குளிர்கிறதே என்று உப்பும் சேறும் அப்பிய சைக்கிளை அப்படியே கதகதப்பான வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள். வேதிவினைகள் பொதுவாகச் சூட்டில் வேகமெடுக்கும். உறைந்து சும்மா கிடந்த உப்புநீர் வீட்டுக்குள் உருகி, வினையை முடுக்கிவிடும். உள்ளே கொண்டுவந்தால் துடைத்தே ஆகவேண்டும். துடைக்க நேரமில்லையா, மழையும் பனியும் படாத வெளித் திண்ணையிலோ சூடேற்றாத கொட்டகையிலோ விட்டுவிடுவது மேல். கழுவுவதென்றால் ஒரு குவளை வெந்நீரும் பழைய துணியும் போதும். கழுவியதும் ஈரத்தோடு வெளியே நிறுத்தாதீர்கள். பிரேக் கேபிளுக்குள் போன நீர் உறைந்து, காலையில் பிரேக் பிடித்த பிடியிலேயே நிற்கும். அழுத்தமாக நீரைப் பீய்ச்சும் கருவியும் வேண்டாம். அது சக்கர மையத்தின் பேரிங்கிலிருக்கும் கிரீஸை விரட்டி, அந்த இடத்தில் நீரை நிரப்பிவிடும்.

இனி செயின். குளிர்காலச் சைக்கிளின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் செயினை ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் இங்கிலாந்தில் உருவாக்கினார். அடுத்தடுத்த இரண்டு ஊசிகளுக்கு இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இன்றைய சைக்கிள்களில் அதுதான் வழக்கமான அளவு. ஊசிக்கும் அதைச் சுற்றிய உருளைக்கும் நடுவில்தான் எண்ணெய் இருக்கவேண்டும். வெளித்தகட்டில் இருக்கும் எண்ணெயால் பயனில்லை. மணலையும் உப்பையும் ஒட்டவைப்பதுதான் அதன் வேலை. எனவே ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். துடைப்பதுதான் பாதி வேலை. குளிர்காலத்துக்கு 'வெட் லூப்' என்று கடையில் கிடைக்கும் கனமான எண்ணெய் நல்லது. மெழுகு வகை உலர் எண்ணெய் முதல் சேற்றிலேயே கழுவிப்போகும். நீலமும் மஞ்சளுமான டப்பாவில் வரும் டபிள்யூடி-40 வீட்டுக்கு வீடு இருக்கும். அது ஈரத்தை விரட்ட 1953-இல் உருவான திரவம். நனைந்த செயினிலிருந்து நீரை வெளியேற்ற அதை அடிக்கலாம். ஆனால் அதன்பின் முறையான செயின் எண்ணெய் விடாமல் ஓட்டினால், உள்ளே இருந்த எண்ணெயும் கரைந்துபோய் செயின் கீச்சிடத் தொடங்கும்.

"செயின் நீண்டுபோச்சு" என்று மெக்கானிக் சொல்வது தகடு இழுபட்டதால் அல்ல. ஊசிகள் தேய்ந்து இடைவெளி கூடுவதால்தான். இதைப் பார்க்கத் தனிக் கருவி இல்லையென்றால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஓர் ஊசியின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் 24 இடைவெளி தாண்டிய ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 12 அங்குலத்தை, ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு அளவு தாண்டியிருந்தால் அரை சதவீதம் தேய்ந்துவிட்டது. செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பின்சக்கரப் பற்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் அந்தப் பற்களில் வழுக்கும். அப்போது இரண்டையும் மாற்றவேண்டிவரும். செயின் மலிவு, பற்சக்கரத் தொகுப்பு விலை கூடியது. உப்புக் காலத்தில் மாதம் ஒருமுறை அளந்தால் அந்தச் செலவு மிச்சம்.

செயினைப் போல் சத்தம் போட்டு எச்சரிக்காமல் கெடுகிற ஒன்று உண்டு. இருக்கையைத் தாங்கும் குழாய். சைக்கிள் சட்டம் எஃகு, இருக்கைக் குழாய் அலுமினியம் என்றால், இரண்டுக்கும் நடுவே உப்புநீர் புகும்போது அது சிறு மின்கலமாகிவிடும். அலுமினியம் அரித்து, பொடி பூத்து, உப்பிக் குழாயை உள்ளேயே இறுக்கிவிடும். வசந்தகாலத்தில் உயரத்தை மாற்றப் பார்த்தால் அசையாது. சிலவற்றை அறுத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும். அக்டோபரிலேயே குழாயை உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி செருகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பெடல் மரைகளுக்கும் இதே வைத்தியம். (சட்டம் கார்பனாக இருந்தால் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை உண்டு.)

ஒரு நாள் காலையில் பெடலை மிதித்தால் சைக்கிள் நகராமல் பெடல் மட்டும் காற்றில் சுற்றலாம். பயந்துவிடவேண்டாம். பின்சக்கரத்தின் ஃப்ரீவீலுக்குள் சிறு நாக்குகள் பற்களைக் கவ்வுவதால்தான் சக்கரம் சுற்றுகிறது. உள்ளே புகுந்த நீர் உறைந்தாலோ, கிரீஸ் குளிரில் கெட்டித்துப்போனாலோ நாக்கு எழும்பாது. வீட்டுக்குள் அரைமணி நேரம் வைத்தால் சரியாகிவிடும். அடிக்கடி நடந்தால் கடையில் பிரித்து, கெட்டிக் கிரீஸை நீக்கிக் குளிருக்கேற்ற மெல்லிய மசகு போடச் சொல்லுங்கள்.

டயருக்கு வருவோம். காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 20 டிகிரி வீட்டுக்குள் 60 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு மைனஸ் 10 டிகிரித் தெருவில் இறங்கினால் அது சுமார் 52 ஆகிவிடும். பஞ்சர் என்று நினைத்து ட்யூபைக் கழற்றுகிறவர்கள் உண்டு. பனியில் இந்தக் குறைவு நல்லதே. டயர் பரந்து படிந்து பிடிமானம் தரும். ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவேண்டாம். பனிக்குள் மறைந்த குழியில் ரிம் அடிவாங்கும்.

ஆணி டயர் என்பது ரப்பருக்குள் டங்ஸ்டன் கார்பைடு முனைகள் பதித்த டயர். பனிக்கட்டிமேல் இதற்கு இணை எதுவும் இல்லை. தார்ச்சாலையில் கொஞ்சம் இரைச்சல், கொஞ்சம் பாரம், வேகமும் குறையும். விலை கூடுதல்தான், ஆனால் பல குளிர்காலம் உழைக்கும். புதிதாகப் போட்டதும் முதல் சில பத்து கிலோமீட்டர் உலர்ந்த தார்ச்சாலையில் நிதானமாக ஓட்டினால் ஆணிகள் இறுகி உட்காரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் அதற்கு நேரமே இருக்காது.

டொரொன்டோவில் பனிக்கட்டியைவிட நான் அஞ்சுவது டிராம் தண்டவாளத்துக்கு. குயின், கிங், டன்டாஸ், காலேஜ் தெருக்களில் நடுவே ஓடுகிறது. ஈர இரும்பில் டயர் துளியும் பிடிக்காது; பள்ளத்தில் மாட்டினால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது. தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்கவேண்டும். கடக்கும் அந்த நொடியில் பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்.

பிரேக்கைப் பொறுத்தவரை, ரிம்மைப் பிடிக்கும் கட்டைப் பிரேக் நனைந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று வெறும் நீரைத்தான் துடைக்கும். முன்கூட்டியே லேசாக அழுத்திப் பழகுங்கள். கட்டையில் சிக்கிய மணல் ரிம்மையே அரைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை அதைச் சுரண்டி எடுக்கவேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் செயினுக்கு விடும் எண்ணெய் டிஸ்க்கில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.

மின்சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. லித்தியம் பேட்டரி குளிரில் குறைந்த தூரமே ஓடும்; அது தற்காலிகம்தான். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடுவதுதான் நிரந்தரக் கேடு. லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்து, கொள்ளளவும் பாதுகாப்பும் போய்விடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் போடுங்கள்.

இப்போது ஓட்டுகிற உடம்பு. பூஜ்ஜிய டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் முகத்துக்கு மைனஸ் 5 போல உறைக்கும். மைனஸ் 10 என்றால் மைனஸ் 18 போல. எனவே காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை முக்கியம். கனத்த குளிர்கோட்டு வேண்டாம். மிதிக்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் உடம்பே அடுப்பாகிவிடும். கோட்டுக்குள் வியர்த்து, சிக்னலில் நிற்கும்போது அந்த வியர்வை குளிர்ந்து நடுக்கும். வீட்டை விட்டு இறங்கும்போது லேசாகக் குளிரவேண்டும். அதுதான் சரியான உடை. தோலோடு ஒட்டும் அடுக்கு கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். பருத்தி நம் ஊர் வெயிலுக்கு எவ்வளவு நல்லதோ இங்கே அவ்வளவு ஆபத்து. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது.

விரல்கள்தான் முதலில் தோற்கும். ஐவிரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு. அதைவிடச் சிறந்தது ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பை. கையை உள்ளே நுழைத்துக்கொள்ளலாம், பிரேக்கும் உள்ளேயே இருக்கும். பார்க்க அழகாக இருக்காது. ஜனவரியில் அழகை யார் பார்க்கிறார்கள்? காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்காதீர்கள். ரத்தம் ஓட இடமில்லாமல் இன்னும் குளிரும். தலைக்கவசத்துக்கு அடியில் காதை மூடும் மெல்லிய தொப்பி. ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிச் சுவாசிப்பது அவசியம். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும்.

விளக்கு பற்றி வாதமே இல்லை. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஒன்டாரியோ சட்டப்படி சூரியன் மறைவதற்கு அரைமணி முன்பிருந்து உதித்து அரைமணி வரை முன்னால் வெள்ளை அல்லது அம்பர் நிற விளக்கு கட்டாயம். பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ வேண்டும். பிரதிபலிப்பானோடு நிறுத்தாமல் விளக்கையே மாட்டுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இது. கோடையில் ஓட்டும் நல்ல சைக்கிளை உப்பில் இறக்காதீர்கள். கியர் குறைவான பழைய சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கி, இரண்டு சக்கரத்துக்கும் நீளமான மட்கார்டு போடுங்கள். கியர் குறைந்தால் உப்புக்குத் தின்ன இடமும் குறையும். முதல் பனிப்பொழிவு நாளில் வேலைக்குப் போகாமல், ஆளில்லாத மைதானத்தில் பிரேக் பிடித்தும் திரும்பியும் பாருங்கள். ஏப்ரலில் மழை தெருவைக் கழுவிய பிறகு ஆணி டயரைக் கழற்றிப் பையில் கட்டிவையுங்கள். செயினை அளந்து பாருங்கள். இருக்கைக் குழாயை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது தடவுங்கள்.