கேஸ் இருக்கு... அப்புறம் ஏன் விறகடுப்பு? அப்பத்தாவின் இருமலுக்குப் பின்னால் ஒரு கணக்கு!

லீவுக்கு ஊருக்குப் போறீங்க. உசிலம்பட்டியோ, பேரையூரோ, தே.கல்லுப்பட்டி பக்கமோ இருக்கட்டும். வீட்டுக்குள்ள கேஸ் அடுப்பு துடைச்சுவெச்ச மாதிரி பளபளன்னு இருக்கு. ஆனா, அப்பத்தா கொல்லைப்புறத்துல மூணு கல்லைக் கூட்டி, கையில ஊதாங்குழலோட உட்கார்ந்திருக்காங்க. ஏன்னு கேட்டா, "விறகுல வெந்தாத்தேன்யா சோறு ருசி"ன்னு பதில் வரும்.

அதை அப்படியே நம்பிடாதீங்க. ருசி பாதி, கணக்கு பாதி.

மதுரையைச் சுத்தியிருக்கிற சமவெளியில விறகுக்குப் பஞ்சம் கிடையாது. கண்மாய், தரிசு எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலம். அதை வெட்டி அகற்றணும்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில வழக்கே நடந்துச்சு. ஆனா, நிலமில்லாத குடும்பத்துக்கு அந்த முள்ளுதான் காசில்லாத எரிபொருள். கரிசல் பக்கம் பருத்தி எடுத்து முடிச்சா பருத்திமார், தோப்புப் பக்கம் தென்னை மட்டை, மாடு இருந்தா எருவாட்டி.

இன்னொரு பக்கம், 14.2 கிலோ சிலிண்டர். 2016-ல வந்த உஜ்வலா திட்டம் கனெக்‌ஷன் கொடுத்துச்சு. அடுத்தடுத்த சிலிண்டருக்கு மானியம் பின்னாடிதான் பேங்க்ல விழும். டெலிவரி அன்னிக்கு முழுப் பணத்தையும் எண்ணி வைக்கணும். தினக்கூலி வீட்டுல அது சின்ன தொகை இல்லை. அதனால சிலிண்டரைப் பொத்திப் பொத்திச் செலவு பண்றாங்க. காலையில காபி, திடீர் விருந்தாளி, காய்ச்சல்காரருக்குக் கஞ்சி - இதெல்லாம் கேஸ். சோறு, பருப்பு, குளிக்க வெந்நீர் எல்லாம் விறகு. அறியாமைன்னு சொல்லிட முடியாது. பக்காவான பட்ஜெட்.

இதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. ஹேப்பின்னு ஒரு பெரிய ஆய்வு. இந்தியா, கவுதமாலா, பெரு, ருவாண்டா நாலு நாட்டுல சுமார் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவுல அது நடந்த இடம் விழுப்புரமும் நாகப்பட்டினமும்தான். பாதிப் பேருக்கு அடுப்பையும் சிலிண்டரையும் இலவசமா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாங்க. அவங்க கிட்டத்தட்ட முழுசா கேஸுக்கு மாறிட்டாங்க. விறகு ருசியை யாரும் தேடிப்போகலை! அவங்க சுவாசிச்ச நுண்துகள் ஒரு கனமீட்டர் காத்துல சுமார் 24 மைக்ரோகிராம். விறகு வீடுகள்ல சுமார் 71. ஒரு நாள் சராசரி 15-ஐத் தாண்டக் கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதல். ஆனா, குழந்தைகளோட பிறப்பு எடையில பெரிய வித்தியாசம் தெரியலைன்னு 2022-ல முடிவு வந்துச்சு. கேஸ் வந்தா எல்லாம் சரியாகிடும்னு நினைச்ச பலருக்கும் அது ஏமாற்றம்தான்.

ஆனா, 40 வருஷம் புகை குடிச்ச நுரையீரல் கதை வேற. பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் சிஓபிடி வரும். மூச்சுக்குழாய் நிரந்தரமா சுருங்கிப்போற நோய் அது. விறகுப் புகை அதுக்கு முக்கியமான காரணம். கண்புரைக்கும் இந்தப் புகைக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்ற ஆய்வுகளும் உண்டு.

வைத்தியத்துலயும் அப்பத்தா இதே மாதிரி பிரிச்சுதான் வெச்சிருப்பாங்க, கவனிங்க. பிரஷர், சுகர் மாத்திரை 2021-ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா வாசலுக்கே வருது. அதைச் சுருக்குப்பையில பத்திரமா வெச்சு, வேளை தவறாம போடுறாங்க. இருமலுக்கு மட்டும் தூதுவளை ரசம், சுக்குக் காபி, நொச்சி ஆவி. தொண்டைக்கு இதமாத்தான் இருக்கும், வேண்டாம்னு சொல்லாதீங்க. ஆனா, சுருங்கின மூச்சுக்குழாயை அதெல்லாம் விரிக்காது. "வயசானா இருமல் வரத்தானே செய்யும்"னு வீடே விட்டுடுது. சிக்கலே இங்கதான்.

இருமல் ரெண்டு வாரம் தாண்டினா ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா சளிப் பரிசோதனை பண்ணலாம், காசநோய் இருக்கான்னு பார்த்துடலாம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குதா? ராஜாஜி ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போய், குழாயில ஊதச் சொல்ற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுங்க. டாக்டர் இன்ஹேலர் எழுதினா, "பம்பு அடிச்சா பழகிப்போயிரும்"னு பக்கத்து வீட்டுல சொல்வாங்க. பழகாது. மருந்து நேரா நுரையீரலுக்குப் போகுது, அவ்வளவுதான்.

விறகை உடனே நிறுத்த முடியாத வீடுன்னா, அடுப்பை வெளியில கூரை நிழலுக்கு மாத்துங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடியே விறகைக் காயவெச்சு மூடி வைங்க. ஈர விறகுதான் அதிகமா புகையும். பிரசவமான பொண்ணு படுத்திருக்கிற ரூம்ல கதவைச் சாத்திட்டுக் கரி நெருப்பு போட விடாதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

இன்னொரு சின்ன வேலை. அப்பத்தாவோட கேஸ் கனெக்‌ஷன்ல யாரோட மொபைல் நம்பர் இருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் உங்களுதாதான் இருக்கும். டெலிவரிக்காரர் கேட்கிற கோடு அந்த நம்பருக்குத்தான் வரும். சிலிண்டர் வண்டி ஊர்ல நிக்கும், கோடு சென்னையில மீட்டிங்ல இருக்கிற உங்க போன்ல கிடக்கும். நம்பரை மாத்திவிடுங்க. இல்லைன்னா, ஊர்ல இருந்து போன் வந்தா கட் பண்ணாதீங்க.