பலாலியில் இறங்கும் சின்ன விமானம்

பிள்ளை, "நான் விமானியாகப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட அவசியமான ஒன்றை நாம் கேட்பதில்லை. "படித்து முடித்ததும் எந்தப் படியில் நிற்பாய்? அடுத்த படிக்கு எப்படி ஏறுவாய்?" இதற்கு விடை தெரியாமல் காணியை விற்பதும், உம்மாவின் நகையை அடகு வைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

யாழ்ப்பாணத்தாருக்கு விமானம் புதிதன்று. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே மெட்ராஸ் சென்றது. நீண்ட இடைவெளிக்குப் பின், 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாவால் 2020இல் நின்ற அந்தச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது.

இவ்விரு நிறுவனங்களும் இந்தச் சேவைக்கு அமர்த்தியது ஏ.டி.ஆர். 72 என்ற விமானம். இரு பக்கமும் சுழலிகள் கொண்டது. எழுபது, எண்பது பேர் ஏறலாம். குறுகிய ஓடுபாதை இதற்குப் போதும். பெரிய ஜெட் விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் எத்தனையோ விமானிகள் தொழில் பழகுவது இத்தகைய சின்ன விமானங்களில்தான். குறுகிய பயணம் என்பதால் ஒரே நாளில் பல தடவை ஏறி இறங்க வேண்டும். காற்றையும் மழையையும் கை அறிந்துகொள்வது அங்கேதான்.

உரிமம் வேறு, வேலை வேறு

சர்வதேச விதிப்படி 18 வயதில் வர்த்தக விமானி உரிமம் பெறலாம். அதற்குப் பொதுவாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியென்றால் 150 மணி நேரம். பெரிய விமானத்தின் கப்டனாவதற்குரிய உயர் உரிமத்துக்கு 21 வயதும் 1500 மணி நேரமும் தேவை. இந்த 200க்கும் 1500க்கும் இடைப்பட்ட காலம்தான் குடும்பங்களைத் தடுமாற வைக்கிறது.

உரிமம் கையில் இருந்தாலும், ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனிப்பயிற்சி வேண்டும். ஹைதராபாத்தில் பேக்கரித் தொழிலாளி ஒருவரின் மகளான சையதா சல்வா பாத்திமா உரிமம் பெற்ற பிறகும், இந்த மேற்பயிற்சிக்குப் பணமின்றிக் காத்திருக்க நேர்ந்தது. தெலுங்கானா அரசு உதவிய பிறகே அவரது வழி திறந்தது. பெண் பிள்ளையால் முடியுமா என்று கேட்போருக்கு அவர் பதில். உரிமம் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோருக்கு அவர் பாடம்.

ஒரே விமானம், இரண்டு ஏணிகள்

இண்டிகோவிடம் ஏ.டி.ஆரும் உண்டு, பெரிய எயார்பஸ் விமானங்களும் உண்டு. அங்கே ஒரு விமானி வேலையை விடாமலே, மறுபயிற்சி பெற்றுப் பெரிய விமானத்துக்கு மாற வாய்ப்பிருக்கிறது. அலையன்ஸ் எயாரோ சின்ன விமானங்களை ஓட்டும் நிறுவனம். முன்பு எயார் இந்தியாவின் கிளையாக இருந்தது. 2022 ஜனவரியில் எயார் இந்தியா டாட்டா குழுமத்துக்குப் போனபோது, இது அரசிடமே தங்கிவிட்டது. அங்குள்ள விமானி பெரிய ஜெட்டை விரும்பினால் நிறுவனத்தையே மாற்ற வேண்டும். மாறினால் பெரும்பாலும் பணி மூப்பு போய்விடும். புதிய இடத்தில் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

நம் நாட்டிலோ நடுப்படியே குறைவு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிடம் இருப்பவை பெரிய எயார்பஸ் விமானங்கள். உள்ளூரில் ஏ.டி.ஆர். போன்றவற்றில் மணி நேரம் சேர்க்கும் வாய்ப்பு சொற்பம்.

அமெரிக்காவில் 2009 பெப்ரவரியில் பஃபலோ நகரருகே பிராந்திய விமானமொன்று விழுந்து 50 பேர் இறந்தனர். சிறிய நிறுவனத் துணை விமானிகளின் சொற்பச் சம்பளமும் களைப்பும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தன. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரம் கட்டாயமானது. முதற்படியில் நிற்பவரின் நிலை பயணிகளின் உயிரோடு கட்டுண்டது என்பதை உலகம் அவ்வளவு விலை கொடுத்துக் கற்றது.

வீட்டில் பேச வேண்டியவை

சகோதரிகளே, பணம் கட்டுவதற்கு முன்பே பிள்ளையை முதலாம் தர விமானி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணில் நிறக் குறைபாடு போன்ற ஒன்று பின்னர் தெரியவந்தால் செலவு வீணாகும். ஆங்கிலம் பேசவும் கேட்டு விளங்கவும் பழக்குங்கள். அதற்கும் தேர்வு உண்டு. பயிற்சிக் கட்டணத்தோடு, மேற்பயிற்சிச் செலவையும் வேலைக்காகக் காத்திருக்கும் காலத்தின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வட்டிக் கடனில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

இன்னொன்று, நேர்மை. 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பத்திரம் காட்டி உயர் உரிமம் பெற்றதாகச் சில விமானிகள் பிடிபட்டனர். 2023இல் ஆகாசா நிறுவனத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அறிவித்தல் காலத்தை முடிக்காமலே விலகியதால் விவகாரம் நீதிமன்றம் போனது. மேலே ஏறும் அவசரம் மனிதரை எங்கே தள்ளும் என்பதற்கு இவை போதும். பறந்த மணி நேரம் எழுதும் ஏடும், ஒப்பந்தத்தில் இட்ட கையெழுத்தும் அமானிதம். பின்னால் அமர்ந்திருக்கும் எழுபது பேரின் உயிரும் அமானிதம்தான்.

சின்ன விமானத்தில் சில ஆண்டுகள் இருப்பது தாழ்வன்று. அந்தப் பொறுமையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது தாயின் மடியிலேயே தொடங்க வேண்டிய பாடம்.