பாட்டிக்கும் சேர்த்துத்தான் தீபாவளி

"என்னைத் தெரியுதா பாட்டி? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்!"

தீபாவளிக்கு வந்து இறங்கும் பேரன் பேத்திகள் வாசலிலேயே கேட்கும் கேள்வி இது. அன்பில்தான் கேட்கிறார்கள். மறதி நோய் உள்ளவருக்கோ அது பரீட்சை. பெயர் நினைவுக்கு வராது. சுற்றி நிற்பவர்களில் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் வாடுவார்கள். எதிலோ தோற்றுவிட்டோம் என்பது மட்டும் அவருக்குப் புரியும். கேள்வி சீக்கிரமே மறந்துபோகும். கலக்கம் வெகுநேரம் மனத்தில் தங்கும்.

60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களால் பண்டிகைக்கு ஏற்ப மாற முடியாது. பண்டிகையை இவர்களுக்கு ஏற்பக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியும்.

கொண்டாட்டம் ஏன் பாரமாகிறது?

டிமென்ஷியாவுக்கு முதன்மையான காரணம் அல்சைமர் நோய். அதில் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி. புதிய செய்திகளைப் பதிய வைப்பது அதன் வேலை. அதனால்தான் 40 வருடத்துக்கு முந்தைய கல்யாணம் நினைவிருக்கும், காலையில் சாப்பிட்ட இட்லி நினைவிருக்காது.

இப்படிப்பட்டவருக்குக் கைகொடுப்பது மாறாத அன்றாடம்தான். அதே நாற்காலி, அதே நேரத்துக் காபி, கழிப்பறைக்குப் போகும் அதே வழி. தீபாவளி வந்தால் இவை எல்லாம் ஒரே நாளில் கலைந்துவிடுகின்றன. கட்டில் இடம் மாறுகிறது, அறையில் விருந்தாளிகளின் பெட்டிகள் ஏறுகின்றன, கூடத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுகிறார்கள்.

பொழுது சாயும் வேளையில் பலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். கூட்டமும் வெடியும் உச்சத்துக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். எனவே உறவினர்கள் காலை டிபனுக்குப் பிறகு, இரண்டு மூன்று பேராக வந்து பார்ப்பது நல்லது. நடமாட்டமில்லாத ஓர் அறையை அவருக்கென்று விட்டுவைக்க வேண்டும்.

பெயரைச் சொல்லிக்கொண்டே பேசலாம்

"பாட்டி, நான் செல்வி. உங்க பெரிய மகளோட பொண்ணு" என்று நேருக்கு நேர் உட்கார்ந்து ஆரம்பித்தால் பாதிச் சிக்கல் தீரும். அவர் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திருத்த வேண்டியதில்லை.

இறந்துபோன தாத்தாவை "எங்கே காணோம்?" என்று கேட்டால்? "அவர் செத்துப் பல வருஷமாச்சே" என்ற பதில் ஒவ்வொரு முறையும் புதிய துக்கச் செய்தியாகவே அவர் காதில் விழும். "தாத்தா தீபாவளிக்கு என்ன செய்வார், சொல்லுங்க" என்று பேச்சைத் திருப்பினால் நல்ல நினைவுகள் வெளியே வரும்.

எண்ணெய்க் குளியலும் வெடியும்

விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பித் தலையில் தண்ணீர் ஊற்றினால், என்ன நடக்கிறது என்று புரியாமல் அவர் அலறலாம், அடிக்கவும் கை ஓங்கலாம். உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டு, வழக்கமான நேரத்தில் வெதுவெதுப்பான நீரைக் காலிலிருந்து ஊற்றத் தொடங்கலாம். குளியலறைத் தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாடுவதே கடினம். புடவை புதிதானாலும் பழகிய ரகமாக இருக்கட்டும்.

தமிழகத்தில் சில ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும்தான் பட்டாசு வெடிக்க அனுமதி. அந்த நேரங்களில் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, பழகிய பாட்டைப் போட்டு, ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். காது கேட்கும் கருவி வைத்திருந்தால் ஒலியைக் குறைத்து வைக்க வேண்டும்.

கைக்குத் தெரிந்த வேலை

பெயர்களை மறந்த பலருக்கும் கைப்பழக்கம் வெகுகாலம் மறப்பதில்லை. லட்டு பிடிப்பது, பூத் தொடுப்பது, வெற்றிலை அடுக்குவது போன்ற வேலைகளைத் தரலாம். லட்டு கோணலாக இருந்தாலும் லட்டுதான். அடுப்புப் பக்கம் மட்டும் தனியே விடக் கூடாது.

இசையும் அப்படித்தான். அல்சைமர் நோயுடன் வாழ்ந்த அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட், 2021 ஆகஸ்டில் தம் 95-ஆம் வயதில் லேடி காகாவுடன் நியூயார்க் மேடையேறித் தம் பழைய பாடல்களைப் பாடினார்.

இனிப்பும் மாத்திரையும்

சாப்பிட்டதே மறந்துபோவதால் பலகாரத் தட்டு கண்ணில் படும்போதெல்லாம் கை போகும். சர்க்கரை நோயும் இருந்தால் ஆபத்து. தட்டைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பதே வழி. விழுங்கச் சிரமப்படுவோருக்குக் கடினமான முறுக்கு வேண்டாம்.

வெடிப்புகையில் இருமினால் உடனே மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கித் தருவது பல வீடுகளில் வழக்கம். குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள், நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. மறதி நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் அதே பொருளை மூளையில் கூட்டுவதற்கானது. ஒன்று ஏற்றுவதை மற்றது இறக்கிவிடும். மருத்துவரைக் கேட்காமல் எதையும் தரக் கூடாது.

ஒரே நாளில் குழப்பம் திடீரென்று முற்றினால், பண்டிகை அலைச்சல் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல் ஆகியவையும் காரணமாகலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாசலில் ஒரு கண்

'ஓ காதல் கண்மணி' (2015) படத்தில் லீலா சாம்சன் நடித்த பவானி, மறதி நோயால் மும்பையில் வழிதவறிப் போவார். வருவோரும் போவோருமாகக் கதவு திறந்தே கிடக்கும் பண்டிகை வீட்டில் அது எளிதில் நடக்கும். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை நோயுள்ளவரின் சட்டைப் பையிலோ கழுத்திலோ வைக்கலாம். அன்று காலையே ஒரு போட்டோ எடுத்துவைத்தால், தேட நேர்ந்தால் உடுத்தியிருந்த நிறம் சொல்ல உதவும்.

ஊருக்குத் திரும்பும் முன்

வருடம் முழுவதும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள். பண்டிகையில் அவருக்குச் சமையலும் சேர்கிறது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் "அம்மாவை இப்படியா வச்சிருக்கே?" என்று கேட்பதைவிட, ஒரு பகல் முழுவதும் அம்மாவின் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, பார்த்துக்கொள்பவரைத் தூங்க விடலாம்.

நோய் இன்னும் உறுதியாகாத வீடுகளில், பல மாதம் கழித்துப் பார்ப்பவர்களின் கண்ணுக்குத்தான் மாற்றம் முதலில் படும். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, முதியோர் உதவிக்கு எல்டர்லைன் எண் 14567. இரண்டும் இலவசம். டாக்டரிடம் யார் அழைத்துப் போவது, மருந்துச் செலவை யார் ஏற்பது, பொங்கலுக்கு யார் ஒரு வாரம் முன்னதாக வந்து பார்த்துக்கொள்வது என்பதை எல்லோரும் கூடியிருக்கும் இந்த நாளிலேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.