தோப்பும் அடுக்களையும்

எந்த அலுவலகத்திலும் கையொப்பமிட்டு மாதச் சம்பளம் பெறாமல், எழுத்து ஒன்றையே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் முன்பெல்லாம் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். இன்று அப்படியில்லை. தொலைக்காட்சித் தொடருக்கு உரையாடல் எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர், விளம்பர வாசகம் எழுதுகிறவர், பாட்டு எழுதுகிறவர் என நம் பங்குக் குடும்பங்களிலேயே பலரைக் காண்கிறோம். அவர்களுடைய மனைவியரும் அன்னையரும் நம்மிடம் வந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "சாமி, அவர் எந்நேரமும் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை." எழுதுகிறவரைத் தனியே அழைத்துக் கேட்டால் அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வரி கூடிவரும் வேளையில் எரிவாயு உருளைக்குப் பணம் கேட்டால், அந்த வரி போனது போனதுதான் என்கிறார்.

இரண்டு நியாயங்களும் மோதிக்கொண்ட ஒரு வீடு நம் புதுவையிலேயே இருந்தது. அதன் ஒரு பாதி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருந்தது. மறு பாதி கருவடிக்குப்பத்து மாந்தோப்பில் இருந்தது எனலாம்.

கருவடிக்குப்பம் இன்று நகரோடு ஒட்டிப்போன குடியிருப்புப் பகுதி. நூறாண்டுகளுக்கு முன் அது ஊருக்கு வெளியே மரங்கள் அடர்ந்திருந்த இடம். சித்தானந்த சுவாமிகளின் கோயிலும், அதனருகே கிருஷ்ணசாமிச் செட்டியாருக்குச் சொந்தமான தோப்பும் அங்கே இருந்தன. செட்டியாரைப் பாரதியார் 'வெல்லச்சு' என்று செல்லமாக அழைப்பாராம். அந்தத் தோப்புக்குத்தான் கவிஞர் அடிக்கடி நடந்து போவார். குயில் பாட்டு பிறந்த இடம் என்பதால் அதற்குக் 'குயில் தோப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டை விட்டு இவ்வளவு தொலைவு நடந்து போய் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். பாரதியார் இல்லத்தில் மனைவி செல்லம்மாள், மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா ஆகியோர் மட்டுமா இருந்தனர்? வேலைக்கு வரும் அம்மாக்கண்ணு, நாள்தோறும் வரும் நண்பர்கள், தேசபக்த இளைஞர்கள், வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர் என அது எப்போதும் சந்தடி நிறைந்த வீடு. வீட்டுக்காரருக்கும் பாரதியார் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்: விளக்கெண்ணெய்ச் செட்டியார். வாடகை கேட்க வந்தவர், கவிஞர் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போவார் என்று வ.ரா. சுவையாக எழுதியிருக்கிறார். அத்தகைய வீட்டுக்காரர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எழுத்தாளர்கள் இதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாரதியார் சம்பளமின்றி வாழ்ந்தது சோம்பலினால் அன்று என்பதை நாம் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 1904இல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவியாசிரியராக அமர்ந்தவர் அவர். 1906 முதல் 'இந்தியா' வார இதழை நடத்தினார். ஆங்கில அரசு கைது செய்யும் நிலை வந்தபோது, 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்து சேர்ந்தார். இதழும் இங்கேயே மீண்டும் அச்சாயிற்று. ஆனால் பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழைவதைத் தடுத்துவிட்டார்கள். வாசகரிடம் போய்ச் சேராத இதழ் எத்தனை நாள் நடக்கும்? 1910 மார்ச்சில் அது நின்றது. அன்றுமுதல் அவர் நம் காலத்துச் சொல்லில் 'சுதந்திர எழுத்தாளர்' ஆனார். அந்தச் சுதந்திரம் அவர் கேட்டுப் பெற்றதன்று. கடிதங்களை ஒற்றர்கள் கண்காணித்தார்கள். அடுத்த ஆண்டே அவருடைய இரண்டு சிறு நூல்களைச் சென்னை அரசு தடை செய்தது. விற்கக்கூடிய சரக்கு கையில் இருந்தும் சந்தைக்குப் போகும் வழி அடைபட்டுக் கிடந்தது.

இந்த ஆண்டுகளில்தான் அவருடைய பெரும் படைப்புகள் பிறந்தன. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் புதுவை வாழ்வின் விளைச்சலே. தமிழுக்கு அது அறுவடைக் காலம். செல்லம்மாளின் அடுக்களைக்கோ பஞ்சகாலம்.

அரிசிக் கதையை அறியாத தமிழர் இல்லை. சமைப்பதற்காக அண்டை வீட்டில் செல்லம்மாள் கடனாக வாங்கி வைத்திருந்த அரிசியைக் கவிஞர் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு, அவை கொத்தித் தின்னும் அழகில் மெய்மறந்து நின்றார் என்பார்கள். இக்கதையை எத்தனையோ மேடைகளில் நாம் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கைதட்டல் குருவிகளுக்கும் கவிஞருக்குமே கிடைக்கிறது. அந்த அரிசியை எவருடைய முகம் கடன் கேட்டது, எவருடைய கை அதைத் திருப்பித் தர வேண்டியிருந்தது என்று பேச்சாளர் எவரும் சொல்ல நாம் கேட்டதில்லை. உயிர்களிடம் கவிஞர் கொண்ட அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் தருமம் செய்கிறவர் தம் பங்கிலிருந்து செய்ய வேண்டும். அன்று இறைந்தது செல்லம்மாளின் பங்கு.

செல்லம்மாள் 1897இல் மணமுடித்தபோது ஏழு வயதுச் சிறுமி. கணவருக்கு வயது பதினான்கு. கவிஞருக்கு வாழ்க்கைப்படுகிறோம் என்று அறிந்து வந்தவர் அல்லர். புதுவையில் இருந்தபோது அவருக்கு இருபது வயதுதான். அந்த வயதில் இன்றைய நம் பெண்மக்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காகப் பாரதியாரைக் குடும்பத்தை மறந்தவர் என்று சொல்லிவிடவும் முடியாது. நம் குழந்தைகள் பள்ளியில் மனப்பாடம் செய்யும் பாப்பாப் பாட்டு, அவர் தம் இளைய மகளை முன்னிறுத்திப் பாடியது. 1915இல் சுப்பிரமணிய சிவாவின் 'ஞானபாநு'வில் வந்தது. 1916 நவம்பரில் புதுவையைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. அந்த இரவை அவர் ஒரு பாட்டாக்கியிருக்கிறார். காற்றின் ஆரவாரத்தைக் கேட்டபடி கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக அது அமைந்திருக்கிறது. வீடும் எழுத்தும் அங்கே எதிரிகள் அல்ல.

குயில் பாட்டின் முடிவையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். மாஞ்சோலையும் குயிலின் காதலும் முற்பிறவிக் கதையுமாக நம்மை எங்கெங்கோ அழைத்துச் சென்ற கவிஞர், கடைசியில் கண்விழிக்கிறார். பார்த்தால், இருப்பது தம் வீட்டில். சுற்றிலும் சுவடிகளும் எழுதும் கருவிகளும் செய்தித்தாள்களும் பழம்பாயும் கிடக்கின்றன. எல்லாம் மாலைக் கனவு. அதற்கு வேதாந்தமாகப் பொருள் கூறும்படி வாசகரையே கேட்டு அவர் முடிக்கிறார். நாம் வேதாந்தம் சொல்லப் போவதில்லை. எழுத்தாளனின் எந்தத் தோப்பும் கடைசியில் அவன் வீட்டுப் பாயில் வந்து முடிகிறது என்பதே நம் கண்ணுக்குப் படுகிறது.

இதே புதுவையில் வேறொரு வழியும் இருந்தது. பாரதியாரின் அன்பைப் பெற்ற கனகசுப்புரத்தினம், அதாவது பாரதிதாசன், 1909இல் பிரெஞ்சு அரசின் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து 1946 வரை அப்பணியில் இருந்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். மற்ற வேளையில் கவிதை. நான்கு மக்கள் உள்ள குடும்பம் அந்தச் சம்பளத்தில் வளர்ந்தது. அவருடைய கவிதையின் வேகம் அதனால் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின் பிற்காலத்தில் சென்னை சென்று 'பாண்டியன் பரிசு' காவியத்தைத் திரைப்படமாக்க முனைந்தார், படம் நிறைவேறவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் நம் வாசகர்கள் அறிவார்கள். 1859இல் நீதிநூலை வெளியிட்டபோது அவர் முன்சீப்பு. 1879இல் தமிழின் முதல் நாவலைத் தந்ததற்கு முன்னரே வாழ்வுக்கு வழி செய்துகொண்டவர். இங்கிலாந்தின் அந்தோணி டிரொல்லப் அஞ்சல் துறை அலுவலர். விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதிவிட்டுத்தான் அலுவலுக்குப் போவாராம். இதைத் தன் வரலாற்றில் அவர் வெளிப்படையாகச் சொன்னதும் இலக்கியவாதிகள் முகம் சுளித்தார்கள். நமக்கு அதில் சுளிக்க ஒன்றும் தெரியவில்லை.

சம்பளத்தை விட்டு வெளியேறியவரின் கதை வேறாகவும் முடியலாம். புதுமைப்பித்தன் 1943இல் 'தினமணி'யை விட்டார். பிறகு திரைப்படத்தின் பக்கம் திரும்பினார். சொந்தமாகப் படம் எடுக்கப் போய்க் கைப்பொருளை இழந்தார். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காகப் புனாவில் தங்கியிருந்தபோது காசநோய் முற்றியது. மனைவி கமலாவும் கைக்குழந்தை தினகரியும் திருவனந்தபுரத்தில் இருந்தார்கள். அங்கே வந்து சேர்ந்த சில வாரங்களில், 1948 ஜூன் 30 அன்று, நாற்பத்திரண்டு வயதில் காலமானார். பிரிந்திருந்த காலங்களில் மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வந்துள்ளன. அன்பும் பணக்கவலையும் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி வரும் கடிதங்கள் அவை. திருமணமாகப் போகும் எழுத்தாள இளைஞர்களுக்கு நாம் ஒரு நூலைப் பரிந்துரைப்பதானால் அதையே சொல்வோம்.

எழுத்தாளர்களெல்லாம் அரசுப் பணிக்கு மனுப்போட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அந்தப் பணி இன்று யாருக்கு எளிதில் கிடைக்கிறது? ஆனால் எழுத்தாளர் ஒருவர் சம்பளத்தை விடும்போது, அவர் வீட்டிலுள்ளவர்களும் சேர்ந்தே அதை விடுகிறார்கள். ஆகவே அவர்களையும் கேட்டு விட வேண்டும். எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு உண்டு, எழுதி முடித்த வேலைக்குப் பணம் வர எத்தனை நாளாகும், யாரிடம் முன்பணம் பெறாமல் தொடங்கக்கூடாது என்பவை மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. பணம் வந்த நாளில் பள்ளிக் கட்டணமும் வாடகையும் முதலில் எடுத்து வைக்கப்படட்டும். புத்தகக் கடைக்குப் பிறகு போகலாம். நேரமும் அப்படியே. எழுதுகிறவருக்குத் தோப்பு வேண்டும். அது காலை ஐந்து மணி முதல் ஒன்பது வரை சாத்திய கதவாகவும் இருக்கலாம். அந்த நான்கு மணி நேரம் வீட்டார் தட்டக்கூடாது. ஒன்பதுக்குப் பிறகு அவர் கதவைச் சாத்தக்கூடாது. இரவுணவின் வேளையில் முகம் தட்டிலும் மனம் தாளிலுமாக உட்காருவது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். எழுதுகிறவர் மனைவியாக இருந்தால்? அவளுக்குத் தோப்பும் கிடைப்பதில்லை, கதவும் கிடைப்பதில்லை. அடுப்பில் பால் பொங்கும்முன் நான்கு வரி எழுதுகிறவள் அவள். அந்த வீடுகளில் இந்த ஒப்பந்தம் இன்னும் அவசரமானது; கணவன்மார் கரண்டியைக் கையில் எடுக்காமல் அது கையெழுத்தாகாது.

எழுத்தின் உரிமையைப் பற்றியும் ஒரு சொல். 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூர் அருகே கைதாகி, விடுதலையானபின் கடையத்தில் வாழ்ந்தார். அங்கிருந்து 1920இல் ஒரு பெருந்திட்டம் தீட்டினார்: தம் எழுத்தையெல்லாம் நாற்பது நூல்களாகப் பிரித்து, நூலுக்குப் பதினாயிரம் படி வீதம் நான்கு லட்சம் படிகள் அச்சிடுவது. அதற்குக் கடன் கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். எதிர்பார்த்த பணம் சேரவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் 'சுதேசமித்திரன்' அலுவலகத்துக்கே உதவியாசிரியராகத் திரும்பினார். 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையும் முன் மறைந்தார். குயில் பாட்டு அதற்குப் பிறகுதான் நூலாயிற்று.

முப்பத்தொரு வயதில் கைம்பெண்ணான செல்லம்மாளிடம் எஞ்சியிருந்த சொத்து அந்தக் கையெழுத்துப் படிகளே. 1922இல் தம் சகோதரரின் துணையோடு 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் சுதேச கீதங்களை அவர் வெளியிட்டார். பணி தொடர முடியவில்லை. உரிமைகள் பல கைகள் மாறின. 1949இல் சென்னை மாகாண அரசு அவற்றை வாங்கிப் பின்னர் பொதுவுடைமையாக்கியது. இன்றைய இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு நிற்கிறது. ஆயினும் எந்தப் பதிப்பாளரோடு என்ன ஒப்பந்தம், அந்தத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அறிந்த மனைவியரை நாம் மிகச் சிலரையே கண்டிருக்கிறோம்.

செல்லம்மாள் சொல்லச் சொல்ல மூத்த மகள் தங்கம்மாள் எழுதிய 'பாரதியார் சரித்திரம்' 1941இல் வெளிவந்தது. 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்ற தலைப்பில் அவரே பேசினார். கணவரைப் பற்றிய பெருமையை அதில் அவர் ஒரு சிறிதும் குறைக்கவில்லை. கவிஞனுக்கு மனைவியாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதை மறைக்கவுமில்லை.