மறுக்கப்பட்ட எஞ்சின்

2025 ஜூலை 30 மாலை 5.40-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 கிளம்பியது. உச்சியில் நிசார் செயற்கைக்கோள். அதன் எல்-பேண்ட் ரேடார் நாசா கொடுத்தது, எஸ்-பேண்ட் ரேடார் இஸ்ரோ செய்தது. விண்வெளியில் விரியும் 12 மீட்டர் ஆன்டெனாவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இவ்வளவையும் சுற்றுப்பாதையில் சேர்த்தது இந்தியாவே உருவாக்கிய கிரையோஜெனிக் எஞ்சின். அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவின் கைக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு காலத்தில் மல்லுக்கு நின்றது இதே அமெரிக்கா.

1991 ஜனவரியில் சோவியத் நாட்டின் விண்வெளி நிறுவனமான கிளாவ்கோஸ்மோஸுடன் இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. எஞ்சினோடு செய்முறையும் வரும் என்பது பேச்சு. ஆண்டு முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1992 மே மாதம், ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளைக் காட்டி இரண்டு அமைப்புகள் மீதும் வாஷிங்டன் இரண்டாண்டுத் தடை விதித்தது.

அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. இந்த எஞ்சினுக்கான திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், திரவ ஆக்சிஜனை மைனஸ் 183-ல். ஏவுவதற்குச் சற்று முன்புதான் நிரப்ப முடியும். நிரப்பிய பிறகும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உத்தரவு வந்ததும் பாய வேண்டிய ஏவுகணைக்கு இது எப்படிச் சரிப்படும்?

பணமுடையில் தவித்த ரஷ்யா 1993-ல் பணிந்தது. செய்முறை கிடையாது, ஏழு எஞ்சின்கள் மட்டும் என ஒப்பந்தம் சுருங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ரஷ்யாவும் அமெரிக்காவும் விண்வெளி நிலையத்தைச் சேர்ந்து கட்ட முடிவுசெய்தன. வேலையில்லாமல் நின்ற ரஷ்ய ராக்கெட் விஞ்ஞானிகள் வேறு நாடுகளுக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையும் அமெரிக்காவுக்கு இருந்தது. அறிவியல் கூட்டுறவு என்ற பெயரில் நடந்தது பாதுகாப்புப் பேரம்தான்.

திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சொந்த எஞ்சினுக்கான இஸ்ரோவின் சோதனைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2010 ஏப்ரலில் முதல் இந்திய எஞ்சினோடு சென்ற ராக்கெட், எரிபொருள் பம்ப் நின்றுபோனதால் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ல்தான் வெற்றி கைகூடியது. அந்தச் செப்டம்பரிலேயே நிசார் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஹைட்ரஜனின் குணம் அன்றும் இன்றும் ஒன்றுதான். சீனா வளர்ந்தது, வாஷிங்டனின் கணக்கு மாறியது. இஸ்ரோ கிளைகளை 2011-ல் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2023 ஜூனில் அமெரிக்கா முன்னின்று உருவாக்கிய ஆர்ட்டெமிஸ் விண்வெளி உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது. 2025-ல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போய்வந்தார். இந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் இஸ்ரோவுக்குக் கதவு திறந்த அதே 2011-ல்தான், சீனாவுடன் நாசா நேரடியாகச் சேர்ந்து பணியாற்ற அமெரிக்கக் காங்கிரஸ் தடை போட்டது. சீனா தனக்கென்று தியான்கொங் நிலையத்தைக் கட்டிக்கொண்டது. அங்கே தன் வீரரை அனுப்ப பாகிஸ்தான் 2025 பிப்ரவரியில் ஒப்பந்தமும் போட்டுவிட்டது.